சீலைக்குப் பின்னால் நீண்ட கை

இதைக் கட்டுக்கதை என்பவர்கள், வவுனியாவில் வயர்மன் வீரகத்தியின் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கட்டும். மனுசன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார். அவ்வளவும் நடந்தது.

1961 மார்கழி. அடைமழை. பின்னேரம் மூன்று இருபது.

றெயில்வே கிளாக்கர் யோகநாதன் வீட்டில் எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை, பன்னிரண்டு நாள். அறைச் சூடு குறைந்தால் தங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஹற்றனில் வேலை பார்த்தபோது யோகநாதன் பழசாக வாங்கிய மின்சார ஹீற்றர்தான் கதி. அன்று காலை பிள்ளைக்குப் பக்கத்தில் முதல்முறை போட்டதுமே அது நின்றுவிட்டது. வீரகத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, டொக்டரைக் கூப்பிட ஓடினார் யோகநாதன்.

துடக்கு வீடு. பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைக்குள் வெளி ஆம்பிளை கால் வைக்கலாமா? வீரகத்தி நடையிலேயே குந்தினார். அறை வாசலில் சீலை தொங்கியது. அதன் கீழால் ஒரு பெண்ணின் கை ஹீற்றரைத் தள்ளிவிட்டது. மருத்துவிச்சியாக்கும் என்று நினைத்தார்.

கம்பிச்சுருள் நடுவில் அறுந்திருந்தது. இரு முனைகளையும் முறுக்கி, குறட்டால் நெரித்தார்.

"அக்கா, பிளக்கைக் குத்துங்கோ."

கை ஹீற்றரை இழுத்துக்கொண்டது. சீலை சிவந்தது. அப்பாடா!

மூன்று நாற்பத்திரண்டு. சிவப்பு அணைந்தது. ஹீற்றர் திரும்பி வந்தது. கொதிக்கிற இரும்பு. வீரகத்தி சாக்கைச் சுற்றித்தான் தொட்டார். அந்தக் கையோ... வெறுங்கை.

வேலை செய்து மரத்த கை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். இம்முறை பித்தளைத் துண்டு வைத்து, ஆணி முடுக்கிக் கொடுத்தார்.

மூன்று ஐம்பத்தைந்து. மறுபடியும் அணைந்தது.

திரும்பி வந்த ஹீற்றருக்குள் ரோர்ச் லைற் அடித்துப் பார்த்தார். எரிந்து அறுந்திருந்தால் முனை கறுத்திருக்கும். இது கறுக்கவில்லை. முறுக்குப் பிரிந்திருந்தது. ஆணியை யாரோ கழற்றி ஹீற்றரின் அடித்தட்டில் வைத்திருந்தார்கள்.

உள்ளே பிள்ளையின் முனகல் தேய்ந்துகொண்டே போனது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆர் இதைக் கழட்டினது? பிள்ளையைச் சாக்காட்டவோ?"

கிளாக்கரின் மனைவி இரஞ்சிதம் ஈனக் குரலில் சொன்னாள்:

"நான் எழும்பேலாமல் கிடக்கிறன் அண்ணை. உங்களோட வந்த பொம்பிளைதானே எல்லாம் செய்யிறா..."

"என்னோட ஒருத்தரும் வரேல்லை, தங்கச்சி."



"அப்ப... என்ரை பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கிறது ஆர்?"

துடக்காவது மண்ணாவது! சீலையைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தார்.

கட்டிலில் இரஞ்சிதம். வேறு யாரும் இல்லை. வேறு கதவும் இல்லை.

சீலையில் கட்டித் தொங்கவிட்ட ஏணை காலி.

மூலையில், வெறும் நிலத்தில், பிள்ளை... ஐஸ்.

போட்டிருந்த சேட்டைக் கழற்றினார். பிள்ளையை நெஞ்சோடு அணைத்தார். குசினி அடுப்படிக்கு ஓடினார்.

நான்கு மூன்று.

நான்கு ஏழு.

நான்கு பன்னிரண்டு... வீரிட்டது!

பிள்ளை பிழைத்தது.

தையில், ஹீற்றரை விற்ற ஹற்றன்காரருக்கு யோகநாதன் நடந்ததையெல்லாம் எழுதினார். பதில் நாலே வரி.

"எங்கள் பிள்ளையின் ஏணைச் சீலை அந்த ஹீற்றரில் பட்டுத்தான் பற்றியது. பிள்ளையைத் தூக்க ஓடின என் மனைவியும் எரிந்துபோனாள். சொல்லாமல் விற்றுவிட்டேன். இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் அது எரிய அவள் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை."