ஜெயித்தவர் வீட்டில் ஆட்டம்

அந்தப் பெட்டி இன்னமும் எங்கள் வீட்டு பீரோவின் மேல்தான் இருக்கிறது. கேட்டார்கள், கொடுக்கவில்லை. இனியும் கொடுக்க மாட்டேன்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வேதியியல் சார், கணக்கு டீச்சர், கணினி சார், நான். இந்த நான்கு பேருக்கும் ஒத்துப்போகும். அறிவியல் வரலாற்றை வைத்து ஒரு போர்டு கேம் வந்திருக்கிறது என்று வேதியியல் சார்தான் முதலில் சொன்னார். எல்லோரும் பங்கு போட்டு வாங்கினோம்.

மெழுகுவத்திக் காலத்தில் ஆட்டம் தொடங்கும். ஒவ்வொரு அட்டையும் ஒரு கண்டுபிடிப்பு. கண்ணாடி இல்லாமல் லென்ஸ் இல்லை. லென்ஸ் இல்லாமல் தொலைநோக்கி இல்லை. கண்டுபிடித்ததைக் கவிழ்த்து வைத்து மறைக்கலாம், இல்லையென்றால் நிமிர்த்தி வைத்து உலகத்துக்கே அறிவிக்கலாம். அறிவித்த அட்டையின் மேல் மற்றவர்களும் காய் வைத்து முன்னேறலாம், ஆனால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அட்டைக்காரருக்கு ஒரு புள்ளி போகும். நாம் மறைத்ததையே வேறொருவர் முந்திக்கொண்டு அறிவித்துவிட்டால் நம் கையில் இருப்பது வெறும் காகிதம்.

பெட்டியில் இல்லாத ஒரு சட்டத்தை வேதியியல் சார் போட்டார். ஜெயித்தவர் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அடுத்த ஞாயிறு ஆட்டம் அவர் வீட்டில். மதியச் சாப்பாடும் அங்கேதான். எல்லோரும் கை தட்டி ஒத்துக்கொண்டோம். நானும் தட்டினேன்.

முதலில் வேதியியல் சார் வீட்டில் ஆடினோம். பிறகு கணினி சார் ஜெயித்தார். அவர் கடப்பாக்கத்துக்காரர். காரில் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. இடிந்த கோட்டைக்குப் பின்னால் கடலில் கால் நனைத்துவிட்டு, வஞ்சிரம் வறுவலை ஒரு பிடி பிடித்தோம். அடுத்து கணக்கு டீச்சர் ஜெயித்தார். நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். எல்லோரையும் போல நானும் அட்டைகளை மறைத்து மறைத்துத்தான் ஆடினேன்.

கணக்கு டீச்சர் வீட்டில் ஆடிய அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, கிடைத்ததையெல்லாம் நிமிர்த்தி வைக்க ஆரம்பித்தேன். கண்ணாடி, லென்ஸ், காற்று பம்பு, எல்லாம்.

“இன்னா டீச்சர், கடைய விரிச்சிட்டீங்க?” என்று கணினி சார் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. என் அட்டையின் மேல் காய் வைக்காமல் யாராலும் ஓரடி நகர முடியவில்லை. வைக்கும்போதெல்லாம் வேதியியல் சார் உச்சுக்கொட்டினார். எனக்குப் புள்ளி ஏறிக்கொண்டே போனது. ஜெயித்தேன். தட்டுத்தடுமாறி அல்ல, அடித்து நொறுக்கி ஜெயித்தேன்.

யாரும் கை தட்டவில்லை. கணினி சார் அட்டைகளை ரொம்ப அக்கறையாக அடுக்கினார். வேதியியல் சார் தொண்டையைச் செருமினார்.

“டீச்சர், ஒங்க வூடு தூரமாச்சே. எதுக்கு சிரமம்? அடுத்த வாரமும் இங்கியே வெச்சிக்கலாம்.”

ரயில்வே கேட்டைத் தாண்டினால் என் வீடு. ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். எங்கள் தெரு காலனித் தெரு. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. கேட்பதில்தான் அவர்களுக்குக் கூச்சம். கடப்பாக்கம் தூரமில்லையாம், கேட்டுக்கு அந்தப் பக்கம் தூரமாம். தூரமாவது மண்ணாங்கட்டியாவது!

“எனக்கு ஒரு சிரமமும் இல்ல சார். ஞாயித்துக்கெழம வந்துருங்க” என்று பெட்டியை எடுத்து ஸ்கூட்டியில் வைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். சின்ன வயதில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். அந்த வயல்காரர்கள் வீடுகளில் அவளுக்குத் தண்ணீர் எப்படி ஊற்றினார்கள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

“அவங்கோ நம்ம வூட்ல துன்னுவாங்களா?”

“ஏம்மா, நம்ம கொழம்புல உப்பு போட மாட்டோமா?”

ஞாயிறு விடிந்ததும் அம்மா மார்க்கெட்டுக்குப் போய் இறால் வாங்கி வந்தாள். வீட்டைக் கழுவி, புதுப் பாய் விரித்தாள்.

பன்னிரண்டு மணிக்குள் வரிசையாக மெசேஜ் வந்தது. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் விருந்தாளிகள், ஒருவருடைய கார் கிளம்பவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் இறால் சட்டியை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் வேதியியல் சார் ஒன்றுமே நடக்காதது போல ஆரம்பித்தார்.

“பெட்டிய எடுத்தாந்துருங்க டீச்சர். இந்த வாரம் எங்க வூட்ல ஆடிக்கலாம்.”

“சட்டம் நீங்க போட்டது சார். ஜெயிச்சவங்க வூட்லதான் ஆட்டம். வாங்க, ஆடுங்க, ஜெயிச்சு எடுத்துக்கினு போங்க.”

“இன்னா டீச்சர், வெறும் ஆட்டத்துக்குப் போயி...”

“கடப்பாக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் போனீங்களே, அதுவும் வெறும் ஆட்டத்துக்குத்தான சார்?”

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். அவர் விடைத்தாள் திருத்த ஆரம்பித்துவிட்டார். அவர்கள் புதுப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம், யார் தடுத்தார்கள்? வாங்கவில்லை. வாங்கினால் ஏன் வாங்கினோம் என்று தங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்போது ஞாயிறு மதியம் நான், அம்மா, ஷேர் ஆட்டோ ஓட்டும் என் தம்பி மூவரும் ஆடுகிறோம். தம்பி கூசாமல் கள்ளாட்டம் ஆடுவான். அம்மா சரியான கல்லுளிமங்கி. கையில் என்ன அட்டை என்று கடைசி வரை மூச்சு விட மாட்டாள். தொலைநோக்கிக்கு அவள் வைத்த பெயர் தூரக்கண்ணாடி. இதுவரை என்னிடமிருந்து பெட்டியை அவள் பறிக்கவில்லை, பறித்தாலும் அது அதே பீரோவின் மேல்தான் இருக்கப்போகிறது.

போன வாரம் ஆட்டத்தின் நடுவில் கணக்கு டீச்சரிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘அடுத்த ஞாயிறு நான் மட்டும் வரட்டுமா?’

‘வாங்க. கேட் போட்டிருந்தால் கொஞ்சம் காத்திருங்கள்’ என்று பதில் போட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வரட்டும், வந்து ஆடட்டும். சோறு போடறதா வோணாமான்னு நான் பாத்துக்கினு சொல்றேன்.”