இரண்டாம் பாகத்துக் கிழவர்

அந்த இரண்டாவது கிழவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மாயாஜாலக் கதைகளைப் புத்தகமாக வாசித்து, படமாகவும் பார்த்து, யார் எப்படி நடித்தார் என்று கண்டவர்களோடெல்லாம் சண்டை பிடித்தாயிற்று. அந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை.

நாங்கள் முகாமிலிருந்து உருத்திரபுரத்துக்குத் திரும்பிய மூன்றாம் வருடம் அது நடந்தது. அம்மா நான்காம் வருடம் என்பா. வீட்டுக்கு மின்சாரம் வந்த பிறகு, கிணற்றுக்குக் கட்டுக் கட்ட முன்னர் என்பதால் என் கணக்கே சரி. எனக்குப் பத்து வயது.

பள்ளிக்கூடத்துக்கு யாரோ அன்பளிப்பாக அனுப்பிய பெட்டிக்குள் அட்டை கிழிந்த தடித்த நாவல் ஒன்று இருந்தது. தொலைந்துபோன தம்பியைத் தேடி மந்திரக் காட்டுக்குள் போகும் ஒரு சிறுமியின் கதை. காட்டின் வாசல்களைக் காக்கும் கிழவர் ஒருவர் அவளுக்கு வழி காட்டுவார். அதை நான் பாடமாக்கியிருந்தேன். பிறகு அதன் முதல் பாகம் தமிழ்க் குரல் கொடுத்த படமாக, டிவிடியில், எங்கள் வீட்டுக்கே வந்தது.

முதல் பாகத்தில் கிழவராக வந்தவரை எப்படிச் சொல்வது? யார் எதைக் கேட்டாலும் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். கண்ணை மூடுவார். வாயின் ஓர் ஓரத்தால் மட்டும் சிரிப்பார். பிறகுதான் பேசுவார். புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. ஆனால் படம் பார்த்துவிட்டு மறுபடி வாசித்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கண்ணை மூடினார்.

எங்களோடு இருந்த சித்திக்கும் அவரைப் பிடிக்கும். "உன்ர அப்பாவும் இப்பிடித்தான், கேட்ட உடனை வாய் திறக்கமாட்டார்" என்று தன் மகளுக்குச் சொல்லுவா. சித்தப்பா கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். மகள் அப்போது கைக்குழந்தை. அவர் இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவர்களையும் சித்தி படலையோடு திருப்பி அனுப்பிவிடுவா.

அந்த நாட்களில் அரிசி ஆலையில் இயந்திரம் திருத்தும் ஒருவர் ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வந்துபோனார். கனகராயன்குளத்துக்காரர். அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும்படி அம்மா சொன்னா. எனக்கு ஏற்கனவே ஒரு சித்தப்பா இருந்தார். ஆகவே நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டாம் பாகத்தை வாங்கி வந்தவர் அவர்தான்.

படம் தொடங்கிக் கிழவர் வந்ததும் நான் எழும்பிவிட்டேன்.

"இது அவரில்லை."

"ஆரோ ஒராள். பேசாமல் பார்" என்றா அம்மா.

"தாடியைப் பாருங்கோ! மூக்கைப் பாருங்கோ! அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாதே? ஒண்டுமே நடக்காத மாதிரிக் கதைக்கிறாள்!"

அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. படத்தில் ஒருவருமே கேட்கவில்லை. சிறுமி ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தாள். இந்த மனிதரோ கேள்வி முடிய முன்னரே பதில் சொன்னார். இத்தனைக்கும் தமிழ்க் குரல் அதே பழைய குரல். யாரோ அவருடைய தொண்டையைக் களவெடுத்துக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

"முதல் தாத்தா எங்க?" என்று சித்தியின் மகள் கேட்டாள். சித்தி எழுந்து குசினிக்குள் போனா. அம்மா என் தொடையில் கிள்ளினா.

கடைக்காரன் கள்ளப்படம் தந்துவிட்டான், மாற்றியே ஆக வேண்டும் என்று நான் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அவர்தான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார்.

கடைக்காரர் டிவிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன பிழை தங்கச்சி? ஓடேக்கை இறுகி நிக்குதோ?"

"ஆள் மாறிட்டுது."

"ஓ, அந்தக் கிழவனோ? அந்தாள் செத்துப்போச்சுதாம். அதான் வேறை ஆளைப் போட்டிருக்கிறாங்கள்." பிறகு என்னைக் கூட்டிவந்தவரைப் பார்த்து, "அண்ணை, உங்கட மகள் நல்ல விண்ணி, உடனை கண்டுபிடிச்சிட்டாள்" என்றார்.

"மகளில்லை" என்றேன் நான், அவர் வாய் திறக்க முன்னரே.

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் எனக்குப் பற்றிஸ் வாங்கித் தந்துவிட்டு, அவர் தன் தேநீரை ஆற்றினார்.

"அந்தாளும் பாவம் பிள்ளை. முதல் ஆள் மாதிரியே நடிச்சால், பார் கொப்பி அடிக்கிறான் எண்டுவினம். தன்ர பாட்டுக்கு நடிச்சால், இது அவரில்லை எண்டுவினம். என்னதான் செய்யிறது?"

"நடிக்காமல் விட்டிருக்கலாம்" என்றேன். "அந்தக் கிழவரே வராமல் கதையை எடுத்திருக்கலாம்."

"எடுத்திருக்கலாம்." அவர் யோசித்தார். "அப்ப அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஆர் வழி காட்டுறது?"

"மூண்டாம் பாகத்தில அவள் தனியத்தான் கனதூரம் போவாள். புத்தகத்தில இருக்கு. நீங்கள் வாசிக்கேல்லை."

"ஓம், வாசிக்கேல்லை" என்றார்.

அதன்பிறகு பல ஞாயிறுகள் அவர் வரவில்லை. சித்தி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தா. அம்மா என்னிடம் மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு டிவிடிக்காக இவ்வளவு அமர்க்களமா என்று எனக்கு ஆத்திரம். வேறு வேலை இல்லாததால் இரண்டாம் பாகத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒருநாள் அவர் நனைந்துகொண்டு வந்தார். சேட்டுப் பொத்தானைக் கழற்றி ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் மூன்றாம் பாகம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"கேட்டுப்போட்டுத்தான் வாங்கினனான். இதிலயும் அந்த ரெண்டாவது ஆள்தானாம். பரவாயில்லையே?"

குசினியில் சித்தி தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

"பரவாயில்லை" என்றேன். "பழகீட்டுது. ஆனால் அவருக்குக் கண்ணை மூடத் தெரியாது."

"அது வராது பிள்ளை" என்றார் அவர். "அது முதல் ஆளுக்குத்தான். அதை விட்டிடுவம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மழைத்தண்ணீர் முகத்தில் வழிய வழிய, துடைக்காமல், குசினிப் பக்கம் பார்த்துச் சிரித்தார். உள்ளே தேங்காய்ச் சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னையைவிட வேகமாக. அம்மா ஓடிவந்து அவருக்குத் துவாய் கொடுத்தா. என் தலையையும் ஏனோ தடவினா.

ஒரு கிழவனின் நடிப்பைப் பொறுத்துக்கொள்கிறேன் என்றதற்கு வளர்ந்தவர்கள் இப்படிக் கூத்தாடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கதையைக் குறைத்து டிவிடியைப் போடும்படி சொன்னேன்.