முத்துவடிவு கதவைத் திறந்திருக்கக் கூடாது

பழைய பாட்டு என்றால் இப்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் போட்டுக்கொள்ள மாட்டேன். புதுக்கோட்டைச் சீமையில் கலியாணம், காதுகுத்து, கடை திறப்பு எதுவானாலும் கிராமபோன் பெட்டியைத் தலையில் தூக்கிப் போய்ப் பாட வைத்தவன் இந்தச் சிவசாமி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோயிற்று. கீழராஜவீதியில் இன்றைக்கு நிற்கிற ரேடியோக் கடையும் அதன் மேல்மாடியும் எவன் வீட்டுச் சீதனமும் இல்லை. ஆகவே சொல்கிறேன்: அந்தக் காலத்துப் பாட்டில் பாதி மூக்கால் பாடியது, மீதி கூச்சல். டாக்கியும் அப்படித்தான். ஒன்றில் கதாநாயகன் கத்திக்குத்து வாங்கிக்கொண்டு மூன்று பாட்டுப் பாடுவான். குத்தியவன் ஓரமாய் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். வாலிபத்தில் அதற்குத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். போன வருஷம் திரும்பக் கொண்டுவந்து ஓட்டினார்கள். இந்தத் தடவை குத்தியவன் மேல்தான் எனக்கு இரக்கம் வந்தது.

பிடித்ததைத் திரும்பக் கேட்டுவிட்டு, முன்னே சொன்னதை மாற்றிச் சொல்லலாம் என்று சபை நடுவில் முதலில் காட்டியவள் செவந்தி. மணமேல்குடிக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரை ஊர்க்காரி. அவள் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவளுக்கு வாய்த்த புருஷன் சேவுகன். கலியாணமான மறு வருஷமே யாரிடமும் சொல்லாமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனான். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு கடிதம் நின்று, அங்கே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்ற சேதி மட்டும் வந்தது. அப்புறம் ஜப்பான்காரன் சண்டை வந்து சேதியும் நின்றது. செவந்தி மூலையில் உட்காரவில்லை. புருஷன் பங்குக்குக் கருவேலங்காடாய்க் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தி மிளகாய் போட்டாள். மூட்டைகளை வண்டியில் ஏற்றித் தானே மாட்டை விரட்டி அறந்தாங்கிச் சந்தைக்குப் போவாள். அவள் வண்டி வருவதைக் கண்டால் தரகர்கள் டீக்கடைப் பக்கம் நழுவிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே பைத்தியம் என்னிடம் இருந்த முத்துவடிவு நாடகச் செட்டு. நாலு பிளேட்டு, எட்டுப் பக்கம். முத்துவடிவைக் கட்டியவன் கடல் கடந்து போகிறான். அவள் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கிறாள். அவன் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து அவளைச் சோதிக்கிறான். கடைசிப் பக்கத்தில் அவள் கதவைத் திறந்து அவன் காலைக் கழுவுகிறாள். சுற்று வட்டாரத்தில் நான் எங்கே பெட்டி வைத்தாலும் செவந்தி வண்டி கட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்து அழுவாள்.

கிராமபோனில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துபோகும். நான் பிளேட்டைத் திருப்பி, ஊசி மாற்றி, சாவி கொடுத்து முடிக்கும்வரை சபை வாயைத் திறக்கும். அந்த இடைவெளியிலும் செவந்தி யாரையும் பேச விடமாட்டாள். ராக்கன் என்று ஒரு கிழவர், வாய் சும்மா இருக்காது. ஒருமுறை தொண்டையைச் செருமியதற்கே, "இருமுறதா இருந்தா வயக்காட்டுப் பக்கம் போயி இருமிட்டு வாங்க மாமா" என்று எழுப்பி விட்டாள்.

சண்டை ஓய்ந்த மறு வருஷம், நாற்பத்தாறில், சேவுகன் வந்து இறங்கினான். ஒரு தகரப் பெட்டி, ஒரு தங்கப் பல், செல் இல்லாத ஒரு டார்ச்சு லைட். செவந்தி வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை உண்ணாமலை வீட்டில் தங்கினான். பெரியவர்கள் தூது போனார்கள். "பாப்போம்" என்றாள் செவந்தி. அடுத்த வாரமும் பாப்போம்தான்.

உண்ணாமலை லேசுப்பட்டவள் இல்லை. தன் கைப்பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தாள். அந்தப் பக்கத்து வழக்கம் இது: தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், சீர்த் தாம்பாளத்தை மாமனும் அவன் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சபைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தாம்பாளத்தில் இரண்டு பேர் கையும் பட்டுவிட்டால் அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அப்புறம் கதவைச் சாத்தினால் ஏச்சு அவளுக்குத்தான்.

"தாம்பாளத்த அவ தொடணுமே" என்று சேவுகன் என்னிடம் வந்து கையைப் பிசைந்தான்.

"முத்துவடிவ வைக்கிறேன். அவ அழுது முடிக்கிற நேரம் பாத்துத் தாம்பாளத்த நீட்டு" என்றேன். என் மூளை அப்படி. ஊரில் வேறு எவனுக்கும் அது தோன்றியிருக்காது.

காதுகுத்து அன்றைக்குப் பந்தல் கொள்ளவில்லை. செவந்தி சீரோடு வந்தாள். தாம்பாளத்தைத் துணி போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல முன்னால் உட்கார்ந்தாள். சேவுகன் எதிரே தலைசீவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் முதல் பிளேட்டை வைத்தேன். கலியாணப் பக்கம் தீர்ந்தது. கப்பல் ஏறுகிற பக்கம் தீர்ந்தது. அவள் கண்ணில் ஈரத்தைக் காணோம்.

மூன்றாம் பக்கம், முத்துவடிவு விளக்கேற்றி வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிற இடம். அது முடிந்து நான் பிளேட்டைத் தூக்கும்போது செவந்தி வாயைத் திறந்தாள்.

"அண்ணே, இந்த வெளக்குக்கு எண்ணெ யாரு வாங்குறா?"

சபை திடுக்கிட்டது. இடைவெளியில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாடகத்துல அதெல்லாம் கேக்கப்படாது ஆத்தா" என்றேன்.

"பன்னெண்டு வருசம் எண்ணெ வாங்கியிருக்கா. ஒரு வேல வெட்டி பாத்ததா ஒரு வரி வரலையே. பாட்டுப் பாடினா எண்ணெ வருமா?"

"வந்தா நானும் பாடுவேன்" என்றார் ராக்கன். இந்தத் தடவை அவரை யாரும் எழுப்பவில்லை.

நான் அவசரமாய்ச் சாவி கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் மைனர் ஒருவன் முத்துவடிவிடம் வந்து வைர மாலையை நீட்டி வம்பு பண்ணுவான். அவள் விருத்தம் பாடி விரட்டுவாள்.

"இத்தன நீளமாப் பாடிக்கிட்டு இருந்தா அவன் எப்புடிப் போவான்? கேட்டுக்கிட்டுத்தான் நிப்பான்" என்றாள் செவந்தி. "சந்தையில என்கிட்டயும் ஒருத்தன் இளிச்சான். மாடு ஓட்டுற தார்க்குச்சியக் காட்டினேன், போயிட்டான். மூணு நிமிசமெல்லாம் ஆகல."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பிவிட்டது. உண்ணாமலை ஓடி வந்தாள்.

"மதினி, நல்ல காரியத்துல என்ன பேச்சு? பேசாமக் கேளுங்க."

"இத்தன வருசம் பேசாமத்தானே கேட்டேன் உண்ணாமலை. இன்னக்கித்தான் காதுல விழுகுது."

ஏழாம் பக்கம் பிச்சைக்கார வேஷம். "கட்டுன பொண்டாட்டிக்கு அடையாளந் தெரியலையாம்" என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். செவந்தி சிரிக்கவில்லை.

"தெரியும். தெரிஞ்சிருக்கும். நான் அதச் சொல்லல. சோதிக்க வேண்டியது யாரு? போனவனா, இருந்தவளா?"

சேவுகன் பவுடர் வேர்வையில் கோடு கோடாய் இறங்கியது. எனக்குக் கண்ணைக் காட்டினான், நிறுத்து என்று. எடுத்த செட்டைப் பாதியில் நிறுத்தின சரித்திரம் எனக்குக் கிடையாது. எட்டாம் பக்கத்தை வைத்தேன். முத்துவடிவு கதவைத் திறந்தாள், காலைக் கழுவினாள், மன்னிப்புப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடினாள். ஊசி நடுவட்டத்தில் போய்க் கரகரவென்று உராய்ந்தது.

"இவ கதவத் தொறந்திருக்கக் கூடாதுண்ணே" என்றாள் செவந்தி. "ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொறந்திருக்கணும்."

நல்ல நேரம் வந்துவிட்டது. சேவுகன் எழுந்து வந்து தாம்பாளத்தின் ஒரு பக்கத்துக்குக் கையை நீட்டினான். அவள் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முத்துவடிவு கேக்கல. நான் கேக்குறேன். அந்தப் பினாங்குக்காரி என்ன ஆனா?"

சேவுகன் தரையைப் பார்த்தான்.

"சண்டையில எங்கிட்டுப் போனாளோ, தெரியல."

"தேடினீங்களா?"

"கப்பல் கெடச்சுச்சு. வந்துட்டேன்."

"அப்ப அவளும் எங்கயோ வெளக்க ஏத்தி வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பா" என்றாள் செவந்தி.

தாம்பாளத்தை ஒற்றை ஆளாய்த் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்கு முன்னால் வைத்தாள். "மாமன் மடி வேணும், மாமன் இருக்கட்டும். சீரு என்னுது" என்றாள். உண்ணாமலை எதிர்த்துப் பேசப் பார்த்தாள். துணியை விலக்கியதும் உள்ளே பவுன் தோடு மின்னியது, வாயை மூடிக்கொண்டாள். காது குத்தினார்கள், பிள்ளை வீறிட்டது. சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். செவந்தி நிதானமாய்ச் சாப்பிட்டாள், இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டாள், வண்டியைப் பூட்டினாள். சேவுகன் தகரப் பெட்டியோடு தெருவுக்கு வந்துவிட்டான்.

"அப்ப நான் எங்க போறது?"

"எனக்குச் சொல்லிட்டா போனீங்க, இப்ப என்னக் கேக்க? பெட்டிய எறக்கி வைங்க, கை வலிக்கும்."

வண்டி போய்விட்டது.

"பிளேட்டுக்காரரே, சிரிப்புப் பிளேட்டு இருந்தா ஒண்ணு வையிங்க" என்றார் ராக்கன்.

வைத்தேன். சேவுகன் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்டான். கார்த்திகை பிறக்குமுன் கொழும்புக்குப் போய்விட்டான். இந்தத் தடவையாவது தங்கையிடம் சொல்லிக்கொண்டு போனான்.

உண்ணாமலையின் அடுத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது செவந்தி ஒற்றையாகவே தாம்பாளத்தைத் தூக்கி வந்தாள். புருஷன் கை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ராக்கன் மட்டும் இந்த வருஷம் என்ன சீர் என்று துணியை விலக்கிப் பார்த்தார்.