அமிர்தவள்ளி டீச்சரின் பொறாமை

ஆம்பூரை ஒட்டிய அந்த ஆரம்பப் பள்ளியில் அமிர்தவள்ளிக்கு இருபத்தோரு வருஷ சர்வீஸ். “என் கிளாஸ்ல எல்லாரும் ஒண்ணு. யார் வீட்ல இன்னா பாஷைன்னு நான் கேட்டதே கிடையாது” என்று பெருமையாகச் சொல்வாள். அதில் பொய்யும் இல்லை.

ஜூனில் வஹீதா புது டீச்சராக வந்தாள். வாணியம்பாடிக்காரி, சின்ன வயசு. போன வருஷம் அமிர்தவள்ளியிடம் மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளைகள் இப்போது அவளிடம் நாலாம் வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

வந்த வாரமே, சோற்றை வீட்டில் என்ன பெயர் சொல்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டாள் வஹீதா. சொன்னதையெல்லாம் அவர்களையே ஒரு சார்ட்டில் தமிழ் எழுத்தில் எழுதவைத்துச் சுவரில் ஒட்டினாள். சோறு, சாவல், அன்னம். அப்புறம் மெல்லிய குரலில் ஒன்று: “பாத்.”

இந்தப் பக்கம் அமிர்தவள்ளியின் சாக்பீஸ் நின்றது. தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பேசியது ரிங்கி! பீகாரிலிருந்து ஷூ கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பெண். ஒரு வருஷம் முழுக்க வாயே திறக்காதவள். ‘பேச்சு வராதுபோல’ என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னதே அமிர்தவள்ளிதான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து இன்டர்வலில் பிள்ளைகள் தன்னைத் தாண்டி வஹீதாவிடம் ஓடுவதெல்லாம் கண்ணில் குத்தியது. ஹெட்மாஸ்டர் ராமமூர்த்தியிடம் போனாள்.

“சார், அங்க தமிழே கம்மியாய்ட்டு வருது. பேரண்ட்ஸ் கேட்டா உங்களுக்குத்தான் பேஜார்.”

அவர் பயந்த சுபாவம். அன்று மாலையே சார்ட் கீழே இறங்கியது; வகுப்பில் இனி தமிழ் மட்டும்தான் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் நாலாம் வகுப்பில் சத்தமே இல்லை. ஜெயித்த சந்தோஷத்தோடு எட்டிப் பார்த்தாள். ரிங்கி அவளைக் கண்டதும் சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கை அமிர்தவள்ளிக்குத் தெரிந்த கை. திருப்பத்தூரில் மூன்றாம் வகுப்பு படிக்கையில் தாகத்தில் ‘நீள்ளு’ என்று கேட்டுவிட்டாள், வகுப்பே சிரித்தது. இப்படித்தான் பொத்திக்கொண்டாள். வீட்டுத் தெலுங்கை அதற்கப்புறம் வாசலுக்கு வெளியே கொண்டுபோனதில்லை. எனக்கு ஏன் ஒரு வஹீதா வரவில்லை? இத்தனை நாள் பொறாமைப்பட்டது ஒன்பது வயசு ரிங்கி மேலேயா? கூசிப்போனாள்.

ராமமூர்த்தியிடம் திரும்பப் போனாள். “நான் சொன்னது தப்பு சார். அதுங்க எழுதினது தமிழ் எழுத்துலதான். எனக்குப் பொறாமை, அதான்.” சார்ட் மறுபடியும் சுவருக்கு ஏறியது.

வஹீதாவிடமும் சொன்னாள். வஹீதா, “ரிங்கி மறுபடியும் பேச எத்தனை நாள் ஆகுமோ, டீச்சர்” என்றாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பத்து நாள் ஆயிற்று. ரிங்கி பேசினாள், வஹீதாவிடம் மட்டும். அதைப் பார்க்க அமிர்தவள்ளிக்கு இன்னும் எரியத்தான் செய்தது.

அடுத்த திங்கட்கிழமை தன் வகுப்பில் நின்று தொண்டையைச் செருமினாள். “நா பேரு அமிர்தவள்ளி. மா இண்ட்லோ தெலுகு.” பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முகம் சூடேறியது, ஆனாலும் கை வாய்க்குப் போகவில்லை. கடைசி வரிசையில் பூவரசன் துள்ளி எழுந்தான்.

“டீச்சர், எங்க வீட்லயும் தெலுங்குதான்! யார்கிட்டயும் சொன்னதில்ல!”