எறும்புகள் போன வழி

யுத்தத்தில் சீனி ரேஷனுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சீனி வியாதி என்று தெரிந்தது. கொல்லையில் நான் சிறுநீர் கழித்த மணலில், விடிந்ததும் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மனைவியின் தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஊரே சீனிக்கு வரிசையில நிக்கு. அத்தானுக்கு மட்டும் கொல்லையிலேயே கிடங்கு இருக்கு."

என் அப்பாவுக்கும் இப்படித்தான் எறும்பு வந்தது. ஒரு காலை வெட்டி எடுத்தும் அவர் பிழைக்கவில்லை.

வைத்தியர் சிறுகுறிஞ்சான் இலையை வெறும் வயிற்றில் மென்று தின்னச் சொன்னார். உப்பளத்துக்கு அப்பால் முள் அடர்ந்த உடைமரங்களில் அந்தக் கொடி ஏறிக் கிடக்கும். காலையில் வெறுங்காலோடு போய்ப் பறிப்பேன். அங்கிருந்து கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். இலையை மென்றதும் நாக்கில் இனிப்பு செத்துவிடும். கருப்பட்டியைக் கடித்துப் பார்த்தேன். மண்ணாக இருந்தது. என் வாயால் வேறு யாரோ தின்பது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் ருசி திரும்பிவிடும். அதுவரை யாரோடும் பேசமாட்டேன்.

நாளாக ஆக எறும்பு குறைந்தது. தோணிகளுக்குப் பாய் தைப்பது என் தொழில். ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது மனைவி கொல்லையிலிருந்து வந்தாள்.

"இங்கேருங்க, இன்னைக்கு ஒத்த எறும்பக் காணோம். மாதா கண்ணத் தொறந்துட்டா."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. குனிந்து துணியைப் பார்த்தேன். வெள்ளைப் பாயின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. நான் போட்ட தையல் இல்லை. அது நகர்ந்தது. கொல்லை வாசலிலிருந்து வந்து, துணியைக் கடந்து, மடக்கியிருந்த என் காலுக்கு அடியில் போய் மறைந்தது.

காலைத் திருப்பினேன். உள்ளங்காலில் உடைமுள் ஒன்று ஒடிந்து புதைந்து, சுற்றிலும் சீழ் வைத்திருந்தது. இலை பறிக்கப் போன ஏதோ ஒரு காலையில் ஏறிய முள். எறும்புகள் புண்ணுக்குள் போய் வந்துகொண்டிருந்தன.

"வலிக்கலையா?" என்றாள்.

"இல்ல."

அவள் முந்தானையால் எறும்புகளைத் தட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டினார்கள். இலையை மட்டும் நம்பாமல் மருந்துக்கும் வரச் சொன்னார் டாக்டர். கால் தப்பியது.

இப்போது செருப்புப் போட்டுக்கொண்டுதான் இலை பறிக்கப் போகிறேன். வந்ததும் அவள் என் காலை மடியில் வைத்து, பாய் ஊசியின் மழுங்கின பக்கத்தால் அழுத்துவாள். "தெரியுதா?" என்பாள். குதிகாலில் தெரியும். விரலில் தெரியாது. அவள் எழுந்து போன பிறகு நான் தரையில் எறும்பைத் தேடுவேன்.