ஆதம்பாவா சிகரெட்டை விட்ட கதை

நிந்தவூர் ஆதம்பாவாவை ஓரிடத்தில் உட்காரவைப்பது லேசான காரியமல்ல. அரிசி லொறி ஓட்டிப் பழகிய மனிதர். கொழும்புப் பாதையில் சோதனைச் சாவடிக்கொரு சிகரெட் என்று ஊதியவர், யுத்தம் முடிந்து சாவடிகள் குறைந்த பிறகும் சிகரெட்டைக் குறைக்கவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று தலைமகனைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு பிறந்தவள் முஸ்பிறா. மூன்று வயது, நெஞ்சில் ஓயாத இழுப்பு. "வாப்பாட புகைதான் இந்தப் புள்ளைக்கு நஞ்சு. இனியும் ஊதினா நெஞ்சு தாங்காது" என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆதம்பாவா நடுங்கிப்போனார். விட்டுவிட்டேன் என்று காலையில் சத்தியம் பண்ணுவார். பகல் சாப்பாட்டோடு சத்தியமும் செரித்துவிடும். வேலியோரம் போய் ஊதிவிட்டு, அதே நாற்றத்தோடு வந்து பிள்ளையைத் தூக்குவார்.

கல்முனையில் பூபாலசிங்கம் என்றொருவர் ஹிப்னாடிசத்தால் சிகரெட்டை விடவைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டபோது மனைவி சுஹறா பதறினாள்.

"மந்திரம் மாயமெல்லாம் நமக்கு ஹறாம் தெரியுமா?"

"மந்திரமில்லகா. கண்ண மூடவெச்சிக் கதைக்கிறதுதானாம். புள்ளைக்காகப் போறன்."

பூபாலசிங்கம் ஆலையடிவேம்புக்காரர்; வெளிநாட்டார் நடத்திய பயிற்சியில் படித்தவர். சாய்கதிரையில் படுக்கவைத்து, படித்த பாடத்தை அப்படியே ஒப்புவித்தார்.

"உடம்பு லேசாகுது தம்பி... நீங்க கடற்கரையில நிக்கிறீங்க... அலை மெல்ல மெல்லக் காலடிக்கு வருது..."

அவ்வளவுதான். ஆதம்பாவா துள்ளி எழுந்து, செருப்பையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். இந்தக் கரையில் யாரிடம் போய் அலையைச் சொல்வது! பூபாலசிங்கம் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். அவருடைய சொந்தங்களும் அதே கடலில் போனவர்கள்தாம். புத்தி அப்போதுதான் வந்தது.

பஸ் நிலையத்தருகில் பிடித்துவிட்டார். ஆதம்பாவாவின் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க தம்பி. ஒண்டு கேக்கிறன். நோன்பு மாசத்தில பகல் முழுக்க இதில்லாம எப்படி இருக்கிறீங்க?"

"நோன்பு புடிக்கிறனெண்டு நிய்யத்து வெச்சாச்செண்டா மறுகா மனசு அந்தப் பக்கம் போகாது சேர்."

"அப்ப வாங்க. அதிலயிருந்து தொடங்குவம்."

இம்முறை கடல் வரவில்லை. விடியுமுன் சாப்பிடும் ஸஹர் நேரம், கடைசி மிடறு தண்ணீர், மனதில் வைக்கும் நிய்யத்து என்று அவரிடமே கேட்டுக் கேட்டு, அவர் சொன்ன சொற்களாலேயே கண்ணயரவைத்தார் பூபாலசிங்கம். சில வாரங்கள் ஆதம்பாவா போய் வந்தார். நோன்பு திறக்கும் நேரமான மஃரிபு பாங்கு கேட்டதும் கை சட்டைப் பையைத் துழாவும். விறாந்தையில் முன்னும் பின்னும் நடப்பார், சுஹறாவிடம் எரிந்து விழுவார். ஆனால் பற்றவைக்கவில்லை.

ஒருநாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். முஸ்பிறா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே கேட்கும் அந்த இழுப்புச் சத்தத்தைக் காணோம். பாய்ந்து போய்ப் பிள்ளையை உலுக்கினார்.

"மகள்! மகள்!"

பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கியது. "என்ன வாப்பா? தூக்கம் வருது."

சுஹறா குசினியிலிருந்து ஓடி வந்தாள். "என்ன நடந்த?"

"இழுப்புச் சத்தம் கேக்கல்ல."

"அது சுகமாப் போயித்து. அதுக்கா புள்ளைய எழுப்பின?" சிரிக்க வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஆதம்பாவா விம்மினார்.

"சுகமாயிரிக்கிற புள்ளையப் பாத்தும் பயமாயிரிக்கே சுஹறா."