மாஸ்டரின் வலது கால்

“நாய்!”

உள்ளறைத் தையல் மெஷினிலிருந்து அக்கா கத்துகிறார். முன்னறையில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் கால் படக்கென்று மிதிக்கிறது. தையல் சத்தம் நிற்கிறது. “எந்தக் காலு?” என்று கேள்வி வருகிறது. மாஸ்டர் குனிந்து தன் கால்களைப் பார்த்துவிட்டு, “வலது,” என்கிறார். “அப்ப நாய் செத்துப்போச்சு,” என்று சொல்லிவிட்டு, அக்கா விட்ட இடத்திலிருந்து தைக்கிறார்.

வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கிறது. எஞ்சின்கூட ஓடவில்லை. ஆறே முக்கால் முதல் ஏழே கால் வரை தினமும் இந்தக் கூத்து. லாரி, சைக்கிள்காரர், பந்தைத் துரத்தி வரும் பிள்ளை, காது கேளாத பெரியவர் என்று வாயில் வந்தவர்களையெல்லாம் அக்கா குறுக்கே விடுவார். முடிந்ததும் இழவுச் சேதி வாசிப்பார்: “இன்னைக்கு நாய் ரெண்டு, பெரியவர் ஒருத்தர், பிள்ளை ஒண்ணு. போய்க் குளிங்க.” சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மாஸ்டர் சிரிக்க மாட்டார். பிள்ளை செத்த நாட்களில் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர். அக்கா அவர் மனைவி. நாற்பத்தொரு வயதில் அவரிடம் போய்ச் சேர்ந்த மாணவன் நான். ஏழரை மணி வகுப்புக்கு ஏழு மணிக்கு முன்பே போய் அவர் வீட்டு வாசலில் நின்றுவிடுவேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இன்னொரு பயந்தாங்கொள்ளியை ஒழுங்காக உடுத்தி, தலைவாரி, தொழில் செய்யும் நிலையில் பார்ப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பயிற்சிக் காரில் மாணவனுக்கு இருப்பது போலவே மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருடமாக அவர் பிழைப்பு அந்தப் பிரேக் மேல்தான் நிற்கிறது. “பதறாத காரியம் சிதறாது சார். ஸ்டீயரிங்கை இப்படிக் கழுத்தை நெரிக்காதீங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று வாய் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும். வலது கால் வாயை நம்பாது. மிதிக்கலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அது மிதித்து முடித்திருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய இரண்டாயிரம் பேரில் ஒருவர்கூட யார் மேலும் மோதியதில்லை. பெருமையெல்லாம் அந்தக் காலுக்குத்தான்.

வேலை முடிந்தாலும் அந்தக் கால் வேலையை விடாது. பஸ் வளைவில் திரும்பினால் மிதிக்கும். முடிவெட்டுபவரின் கத்தரி காதருகே வந்தால் மிதிக்கும். டி.வி.யில் யாராவது மாடியில் ஓடினால்கூட மிதிக்கும். அதனால் வலது செருப்பு நாலு மாதத்தில் ஓட்டையாகிவிடும். புது ஜோடி வாங்கி வலதை மட்டும் மாட்டிக்கொண்டு, இடதுக்குப் பழையதே போதும் என்று புதியதைப் பரணில் போட்டுவிடுவார். பரணில் இப்போது பதினேழு இடது செருப்புகள் கிடக்கின்றன, எல்லாம் புத்தம் புதுசு. “ஒத்தைக்கால் ஆளு ஒருத்தர் கிடைச்சார்னா, ஆயுசுக்கும் அவருக்குச் செருப்புக் கவலை இல்ல,” என்பார் அக்கா.

இப்படிப்பட்ட மனுஷருக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்ததுதான் வேடிக்கை. பத்தொன்பது வயதில் அவர் பார்க்க, மாட்டு டாக்டர் ஒருவர் அதே மாதிரி வண்டி ஒன்றை எஞ்சினை அணைக்காமல் தெருவில் நிறுத்திவிட்டுப் போனாராம். “அது சத்தம் போடலை சார், யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல நாம ஒரு மூச்சு விட்டுக்கலாம்.” அன்று பிடித்த பித்து முப்பத்தைந்து வருடம் இறங்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் இதைப் பற்றித்தான் பேசினாராம். “ஒரு சக்களத்தி வருவான்னு அன்னைக்கே தெரியும். இவ்வளவு கனமா இருப்பான்னுதான் தெரியலை,” என்கிறார் அக்கா.

சக்களத்தி கிடைத்தது மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தின் பின்பக்கக் கொட்டகையில், காகிதக் கட்டுகளுக்கு அடியில். சக்கரம் சுற்றாது, எஞ்சின் இறுகிப்போயிருந்தது, விளக்குக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. மீட்டெடுக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. பெட்ரோல் டேங்கின் உள்துரு போவதற்காக, கை நிறைய நட்டுகளை அதற்குள் போட்டு, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாயங்காலம் முழுக்கக் குலுக்கினார்கள். மாடி வீட்டுக்காரர் வந்து, “கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை வாங்கினா கொஞ்சம் சின்னதா வாங்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எஞ்சினை மடிப்பு மடிப்பாகச் சுத்தம் செய்தார் மாஸ்டர். கார்புரேட்டரை எட்டாவது தடவையாகப் பிரித்துப் பூட்டியபோது குட்டித் திருகு ஒன்று மிஞ்சியது. அது எங்கே போகவேண்டியது என்று தெரியாமல் மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. கடைசியில் மெக்கானிக் வந்து பார்த்து, “இது வண்டியோடது இல்லைங்க, உங்க மூக்குக் கண்ணாடியோடது,” என்றார். பள்ளிச் சீருடை தைக்கும் அக்கா, சீட்டுக்குத் தடித்த உறை வெட்டி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் ஆயிற்று. கால்தான் பாக்கி.

அந்தக் காலத்து வண்டியில் பிரேக் இடது காலுக்கு, கியர் வலது காலுக்கு. வலது காலால் கீழே மிதித்தால் வண்டி நிற்காது, அடுத்த கியருக்கு ஏறிவிடும். மாஸ்டருக்கு இது முப்பத்தைந்து வருடமாகத் தெரியும். அவருடைய காலுக்குத் தெரியாது. மெக்கானிக் பட்டறையின் முற்றத்தில் முதல் தடவை ஓட்டிப் பார்த்த அன்று, பத்தடி முன்னால் மெக்கானிக் குறுக்கே வந்தார். இருபத்தாறு வருடமாக எல்லோரையும் காப்பாற்றிய கால் தன் கடமையைச் செய்தது. வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. மெக்கானிக் டயர் குவியலுக்கு மேல் தாவி விழுந்தார். சுவரில் மோதி முன் விளக்கு உடைந்தது.

“விழுறதுக்குப் பயம் இல்ல சார்,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். “காப்பாத்தணும்னு நினைச்சுத்தான் மிதிக்கிறேன். மிதிக்க மிதிக்க அது ஆளு மேல ஏறப் பாக்குது. அந்த ஒரு நொடி இருக்கே, அது கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.” கைப்பிரேக் இருக்கிறதே என்றேன். “பழைய கைப்பிரேக், கெஞ்சினாத்தான் கேக்கும்,” என்றார். ஒரு கம்பியைப் போட்டுக் கியரை இடது பக்கம் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக்கும் சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் ஒப்பவில்லை. “ஆசைப்பட்டது இதுக்கு. கட்டிக்கிட்டு வந்தப்புறம் மூக்கைத் திருத்துவாங்களா?”

அப்படித்தான் முன்னறைப் பயிற்சி தொடங்கியது. மூன்று மாதத்தில் இடது கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. சாவு எண்ணிக்கை குறைந்தது. எனக்குக்கூட ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிடும் போல ஒரு நம்பிக்கை வந்தது. அங்கேதான் விதி சிரித்தது.

பாலத்துச் சரிவில் காரை இறக்கிக்கொண்டிருந்தேன். முன்னால் போன பஸ் திடீரென நின்றது. நான் வழக்கம்போல மாஸ்டரின் காலை நம்பி உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் மிதித்தார். இடது காலால் மிதித்தார். அந்தப் பக்கம் இருந்தது கிளட்ச். கார் எஞ்சினின் பிடி விட்டு, கட்டவிழ்த்த கன்றுபோல் சரிவில் உருண்டது. பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக ஒரு பெண் எங்களைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது யாரோ பிரேக்கை மிதித்தார்கள். என் வாழ்க்கையில் நானே போட்ட முதல் பிரேக் அது. ஒரு முழம் மிச்சத்தில் நின்றோம்.

மாஸ்டர் என்னைப் பாராட்டவில்லை. தன் இரண்டு கால்களையும், எவனோ கொண்டுவந்து வைத்த பொருள்போல, பார்த்துக்கொண்டே இருந்தார். “அதைக் கத்துக்கிட்டா இது மறந்துபோகுது,” என்றார். “ரெண்டுல ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும்.” எது போகும் என்று நான் கேட்கவில்லை. கார்தான் சோறு போடுகிறது.

வண்டியை விற்கப்போவதாக அன்றே அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை நான் போனபோது, அக்கா தையல் மெஷின் முன்னால் நின்று, தான் கழற்றி விட்டிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னங்க, இங்க வாங்க. நான் மெஷின்ல உக்காரும்போது செருப்பைக் கழட்டிடுவேன். வெறுங்கால் பட்டாத்தான் மிதியோட அளவு எனக்குத் தெரியும். செருப்போட இருக்கும்போது என் கால் எதையும் மிதிக்கப் போறதில்ல. நீங்களும் கார்ல செருப்போட உக்காருங்க. வண்டியில வலது செருப்பை மட்டும் கழட்டிடுங்க. கால் தானே தெரிஞ்சுக்கும், இது வேற வீடுன்னு.”

மாஸ்டர் கழற்றினார். அன்று நாய், லாரி, பெரியவர், பிள்ளை என்று அத்தனை பேரும் பிழைத்தார்கள். அடுத்த இரண்டு வாரமும் யாரும் சாகவில்லை. காரிலும் பிரேக் பழையபடி விழுந்தது. ஆனாலும் வண்டியைத் தெருவில் இறக்க மாட்டேன் என்றார். “இங்க வர்றதெல்லாம் பொய் நாய். காலுக்கு அது தெரியும். நிஜமா ஒரு உயிர் எதிர்ல நின்னா அது என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்? விக்கிறதுதான் சரி.”

“அப்ப நான் நிக்கிறேன்,” என்றார் அக்கா.

“விளையாடாதே.”

“வண்டி நின்னா வச்சுக்கலாம். நிக்கலைன்னா வித்துடலாம்.”

“நிக்கலைன்னா, விக்கும்போது கூட நிக்க நீ இருக்க மாட்டே.” மாஸ்டரின் குரல் உடைந்தது. அக்கா அதற்கும் சிரித்தார். முப்பது வருடமாக எதற்கும் அப்படித்தான் சிரிப்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர்கள் சந்தின் ஒரு முனையை ஒரு கிடங்கின் சுவர் அடைத்திருந்தது. வண்டி வாகனம் வராது. அக்கா மாஸ்டரின் வலது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்பது எட்டு எடுத்து வைத்தார். துணியில் குறி போடும் சாக்பீஸால் தன் கால் விரல்களுக்கு ஒரு முழம் முன்னால் தரையில் ஒரு கோடு கிழித்தார். நிமிர்ந்து நின்று இடது கையால் செருப்பைத் தூக்கிக் காட்டினார். “செருப்பு என் கையில இருக்கு, ஞாபகம் வச்சுக்கங்க!”

தடுத்திருக்க வேண்டும். நான் ஓரமாக நின்றேன். மாஸ்டர் மூன்றாவது உதையில் எஞ்சினைக் கிளப்பினார். அது யோசிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தின் அழகு எனக்கு அன்றுதான் புரிந்தது, ரசிக்கத்தான் முடியவில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நான் மூச்சு விடவில்லை.

முதல் கியர். வெறுங்கால் கீழே அழுத்தியது. இரண்டாவது கியர். என்னைக் கடந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன், கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இன்னும் இருபது எட்டு. பத்து எட்டு. அக்கா நகரவில்லை. அந்த வலது காலின் விரல்கள் கியர் மிதியின் மேல் விரிந்து குவிந்தன. போச்சு என்று நினைத்தேன். சந்து ஓரத்தில் நின்ற என்னுடைய வலது கால், இல்லாத பிரேக்கைப் பூமிக்குள் மிதித்துக்கொண்டிருந்தது.

அந்த வெறுங்கால் மேலே எழும்பியது. மிதியை விட்டு, சூடான பாத்திரத்தில் பட்டதுபோல் விலகி, காற்றில் நின்றது. அந்தப் பக்கத்தில், என் கண்ணுக்குத் தெரியாத இடது கால் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். பின்டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு கிறீச்சிட்டது.

முன்சக்கரம் சாக்பீஸ் கோட்டின் மேல் நின்றது.

மாஸ்டரின் வலது கால் இன்னும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அக்காதான் பேசினார். “நாய் பொழைச்சுப்போச்சு,” என்றார். வழக்கமான சிரிப்புதான். செருப்பை இடது கையில் பிடித்தபடியே வண்டியின் பின்பக்கம் வந்து, அவர் தோளில் வலது கையை ஊன்றி, தான் தைத்த சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

கையை எடுத்தபோது மாஸ்டரின் நீலச் சட்டையில் ஐந்து விரலும் வெள்ளை வெளேரென்று பதிந்திருந்தன. அந்தக் கைக்குள் இருந்த சாக்பீஸ் மாவாகியிருந்தது.